எட்டு மூலைக் கண்ணாடி

சங்கரன்கோவிலில் என் மரப்பட்டறைக்கு, எட்டு மூலைக் கண்ணாடி பிரேம் கேட்டு ஒரு தறிக்காரர் வந்தார். சட்டையெல்லாம் நூல் பிசிறு. வாயைத் திறக்குமுன் செல்போனில் கால்குலேட்டரைத் திறந்துவிடுவார்.

“முந்நூத்தறுபத எட்டால வகுத்தா நாப்பத்தஞ்சு. நாப்பத்தஞ்சு டிகிரியில அறுத்துப் போடும் வே.”

“அண்ணாச்சி, மூலைக்கு ரெண்டு சட்டம் சேருதுல்லா? ஒவ்வொண்ணயும் அதுல பாதிதான் சாய்ச்சு அறுக்கணும்.”

“அப்போ கால்குலேட்டர் பொய் சொல்லுதோ?”

தொண்டை வற்றியதுதான் மிச்சம். எரிச்சலில் எட்டுச் சட்டத்தையும் அவர் சொன்னபடியே அறுத்துச் சேர்த்தேன். நாலு சட்டத்திலேயே சதுரம் மூடிக்கொண்டது. மீதி நாலில் இன்னொரு சதுரம்.

“இப்ப பாருங்க!” என்று மேசையில் போட்டேன்.

அவர் ஒன்றின்மேல் மற்றதை மூலை மாற்றித் திருப்பி வைத்தார். நடுவில் அச்சாக எட்டு மூலை.

“நான் சொன்னம்லா?”

அவர் கணக்கு தப்பு என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்க்கிறேன். கேட்டுவிட்டு, “எனக்கும் அதே மாதிரி ஒண்ணு செய்யும் வே” என்கிறார்கள்.