சராசரியைத் தாண்டிய வருடம்

அலுவலகத்தில் அவளைப் புள்ளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புள்ளிவிவரப் பிரிவில் பதினெட்டு வருடம். தசமப் புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவாள். கல்லூரி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு எத்தனை பேர் கல்லூரியில் இருக்கிறார்கள், உலகச் சராசரி எவ்வளவு என்று ஒப்பிட்டு வருடாவருடம் அட்டவணை போடுவது அவள் வேலை. நாடு எப்போதும் அந்தச் சராசரிக்குப் பத்துப் புள்ளி கீழேதான் நின்றது.

அந்த வருடம் இயக்குநர் அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, ஆறு வாரப் பயிற்சிக்குப் போறவங்களும் படிக்கத்தானே போறாங்க? அவங்கள ஏன் விட்டீங்க?"

"அது கல்லூரிப் படிப்பு இல்ல சார். மத்த நாட்டுல யாரும் அதைச் சேர்க்கறதில்ல."

"அவங்க வந்து நம்ம ஃபைலப் பிரிச்சுப் பார்க்கப் போறாங்களா? வெள்ளிக்கிழமை அமைச்சர் பேசணும். பதவி உயர்வு லிஸ்ட்டும் என் மேஜைலதான் இருக்கு."

அவள் தன் மேஜைக்குத் திரும்பினாள். தையல், தட்டச்சு, கைபேசி பழுதுபார்ப்பு என்று எல்லாரையும் சேர்த்தாள். அரை மணி நேர வேலை. நாடு உலகத்தை ஒரு புள்ளி முந்தியது. விளக்கமாக ஓர் அடிக்குறிப்பு எழுதினாள்; பிறகு அதையும் அழித்தாள்.

சனிக்கிழமை காலை தங்கை செய்தித்தாளோடு சமையலறைக்கு வந்தாள். இரண்டு முறை விண்ணப்பித்தும் கல்லூரியில் இடம் கிடைக்காமல், அந்த வருடம்தான் தையல் பயிற்சி முடித்துத் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஊருக்கு மாலைக் கல்லூரி வரப்போகிறது என்று காத்திருந்தாள்.

"மாலைக் கல்லூரி இனி தேவையில்லையாம் அக்கா. நாமதான் உலகத்தையே முந்திட்டோமாம்." செய்தித்தாளை மடித்தாள். "இத்தனை பேருக்கு இடம் கிடைச்சிருக்கு. எனக்குத்தான் மண்டைல ஒண்ணுமில்ல போல."

அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்த எண்ணிக்கைல நீயும் இருக்கடி. நான்தான் சேர்த்தேன்."

"என்னையா? ஆறு வாரம் பட்டன் தைச்சதுக்கா?" தங்கை சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. அக்காவின் முகத்தைப் பார்க்காமல் வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

திங்கட்கிழமை புள்ளியக்கா திருத்தக் கடிதம் எழுதித் தலைமைச் செயலகத்துக்கே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். பதவி உயர்வு போயிற்று. பழைய கோப்பு அறைக்கு மாற்றினார்கள். திருத்தம் செய்தித்தாளின் ஒன்பதாம் பக்கத்தில் நான்கு வரியாக வந்தது. மாலைக் கல்லூரிக் கோப்பு மறுபடி நகர ஆரம்பித்தது; கட்டடம் இன்னும் வரவில்லை.

"நெஞ்சுரம் உள்ள ஆளு நீங்க" என்று பழைய சகாக்கள் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு முகம் எரியும். தையல் வகுப்பில் இருந்தது வேறு யாருடைய தங்கையாகவோ இருந்திருந்தால், அந்தச் சனிக்கிழமை செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சமையலைப் பார்த்திருப்பாள். அது அவளுக்குத் தெரியும்.