இரண்டு நாள் ஆஸ்திரேலியா

பொங்கலூரிலிருந்து முதலிபாளையம் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒரு பெரியவர் என் பக்கத்து சீட்டில் வருவார். அவருக்குப் பனியன் துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. புருவத்தில் எப்போதும் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கும். ஒரு வாரம் முழுக்க, பஸ் கிளம்பியதும் ஃபோனில் ஆஸ்திரேலியா மேப்பைத் திறந்து, ஒரு சின்ன ஊரின் ஒற்றைத் தெருவில் விரலால் மெல்ல நடந்துகொண்டிருந்தார்.

"அங்க யாருங்க இருக்கறது?" என்று கேட்டேன்.

"மக மெல்போர்ன்ல நர்ஸுங்க. தூக்கமே வர்றதில்லைன்னு ஃபோன்ல அழுதா. நம்மால உடனே போக முடியுமுங்களா? அதான் சனி, ஞாயிறு அவ போயிட்டு வர ஒரு ஊரு பார்த்துட்டிருக்கறேன்."

வெள்ளிக்கிழமை மகளிடம் பேசினார். "கண்ணு, ரயிலடிக்கு எதுத்தாப்புலயே ரூமு. பேக்கரிய ரெண்டு மணிக்கு மூடிருவாங்க, நேரத்துல போயிரு. ஆத்தோரமா ஒரு பெரிய மரம், அதுக்கடியில பெஞ்சு இருக்குது." ஜன்னலுக்கு வெளியே சோளக்காடும் காற்றாலைகளும் போய்க்கொண்டிருந்தன. அவர் மேப்பில் அந்த ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை நானே கேட்டேன். "போனாங்களா?"

"போனாளுங்க."

"ஊரு பிடிச்சுதாமா?"

"எங்கீங்க பார்த்தா! ரூமுக்குள்ள போனவ ரெண்டு நாளும் தூங்கிட்டாளாம். பேக்கரியும் பார்க்கல, ஆறும் பார்க்கல."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். போட்ட திட்டம் அத்தனையும் வீணாய்ப் போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.