கப்பலுக்கென்று ஒரு கை

காரைக்குடியிலிருந்து கல்லல் போகும் பேருந்தில் என் பக்கத்தில் ஒரு நெட்டைப் பெரியவர். உட்கார்ந்த பிறகும் இடக்கையால் கம்பியை இறுகப் பிடித்திருந்தார்.

"உக்காந்துதான இருக்கீக, கம்பியை விடலாமே" என்றேன்.

"கடற்படைப் பாய்மரப் பயிற்சிக் கப்பல்ல வந்த பழக்கம். பாய்மரத்து மேல ஏறுனா ஒரு கை நம்ம உசுருக்கு, ஒரு கை கப்பலுக்கு."

கப்பல் இப்போது எங்கே என்று கேட்டேன்.

"கப்பலுக்கு ஓய்வு குடுத்ததும் ஒரு ஆளு வாங்குனாரு. மியூசியமா வைக்கிறேன்னாரு. நம்பி என் தொப்பியையும் குடுத்தேன். இன்னைக்குக் காரைக்குடிப் பழைய சாமான் கடையில கப்பலோட மணி தொங்குது. பக்கத்துல என் தொப்பி, உள்ள என் பேரு. கையில எடுத்துப் பாத்தேன். 'பாத்து எடுங்க, ஒரிஜினல்'ங்கிறான் கடைக்காரன்."

கல்லலில் இடக்கையால் கம்பியைப் பிடித்தபடியே இறங்கினார். கப்பலுக்கென்று வைத்திருந்த வலக்கை வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது.