ரவுண்டானாவில் மாட்டிக்கொண்டவள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் அவளுக்கு நாற்பது வயது வரை பின்சீட்டு வாழ்க்கைதான். கணவரின் ஸ்கூட்டரில் ஏறினால் கடை வாசலில் இறங்குவாள். நடுவில் சாலை என்று ஒன்று இருப்பதையே கவனித்ததில்லை. அவருடைய கம்பெனி ஊரின் மறுகோடிக்கு மாறியதும் வந்தது வினை. பஸ் மாறி மாறிப் போய்ப் பார்த்தாள், தினமும் தாமதம். கடைசியில் நாத்தனார் தன் வீட்டில் சும்மா கிடந்த சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"சின்ன வயசுல ஓட்டியிருக்கீங்கல்ல அண்ணி? அதெல்லாம் மறக்காது."

"ஓட்டினது எங்க வீட்டுச் சந்துலடி. அங்க எதிர்ல ஒரு நாய்கூட வராது."

முதல் நாள் காலை அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிரேக்கை அழுத்திப் பார்ப்பாள், உள்ளே வந்து தண்ணீர் குடிப்பாள், மறுபடி போய் சீட்டைத் துடைப்பாள்.

"தொடச்சுத் தொடச்சே தேஞ்சிடப் போகுது. கெளம்பு" என்றார் கணவர்.

அன்று ஓட்டியதைவிட உருட்டியதே அதிகம். பின்னால் ஹாரன் கேட்டால் போதும், குதித்து இறங்கி ஓரமாக நின்றுகொண்டாள். கடைக்குப் போய் வேலையைத் தொடங்கினால் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தேய்க்கிற கல்லில் வைத்த லென்ஸின் ஓரம் சில்லாகத் தெறித்தது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னம்மா, கை இந்த ஆட்டம் ஆடுது?"

"சைக்கிள்ல வந்தேன் சார்."

"இன்னும் எறங்கலையா?"

சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் திரும்பிப் போகும் வழியை நினைத்ததில் மதியச் சாப்பாடு பாதி டப்பாவிலேயே இருந்தது.

சில நாளில் ஓட்ட வந்துவிட்டது. ரவுண்டானா மட்டும் வரவில்லை. அங்கே இறங்கி, நடந்தே தாண்டுவாள். ஒருநாள் இறங்க இடம் கொடுக்காமல் பின்னாலிருந்து வண்டிகள் நெருக்க, அப்படியே உள்ளே அடித்துச் செல்லப்பட்டாள். போனவளுக்கு வெளியே வரத் தெரியவில்லை. ஓரத்துக்கு ஒதுங்கலாம் என்று பார்த்தால் ஒரு லாரி. சரி, அடுத்த சுற்று. அப்போது ஒரு வேன். நடுவே நின்ற போக்குவரத்துக் காவலர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா போகணும்?"

பதில் சொல்வதற்குள் அவரைத் தாண்டிவிட்டாள். அடுத்த சுற்றில்தான் சொல்ல முடிந்தது. "மார்க்கெட் ரோடு சார்!"

"அப்ப கைய நீட்டு!"

இன்னொரு சுற்று. "கைய எடுத்தா விழுந்துடுவேன் சார்!"

"விழமாட்ட. நீட்டும்மா!"

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கையை நீட்டினாள். சைக்கிள் தள்ளாடியது. பின்னால் உறுமிக்கொண்டிருந்த பஸ் சட்டென்று அடங்கி நின்றது. அவள் நீட்டிய கைக்கு அத்தனை பெரிய பஸ்! நம்ப முடியாமல் மார்க்கெட் ரோட்டில் வெகுதூரம் வந்த பிறகும் கையை மடக்காமலே ஓட்டினாள்.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை. காலையில் இன்னும் பிரேக்கை நாலு தடவை அழுத்திப் பார்க்கிறாள். அந்தப் படபடப்பில் வேண்டிய நேரத்துக்கு முன்பே கிளம்பிவிடுகிறாள். உடம்பு நிதானத்துக்கு வரும்வரை பூட்டிய கடை முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறாள்.

"தினமும் எனக்கு முன்னாடி வந்து நிக்கற. சாவிய உங்கிட்டயே குடுத்துடட்டுமா?" என்று முதலாளி கிண்டலாகக் கேட்டார்.

"குடுங்க சார்" என்று கையை நீட்டிவிட்டாள். அவரும் கொடுக்க வேண்டியதாயிற்று.