குட்டியானை மேல் ஊர்வலம் வந்த டிவி

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டில் கரண்ட் போய்விட்டது.

போய்விட்டது என்றால்... தானாகப் போகவில்லை. அந்த வீட்டு பிரேமாவே பின்பக்கம் ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டாள். ஹாலில் விருந்தாளிகள். வெளியே போத்தனூர் வெயில் மண்டையைப் பிளக்கிறது. எங்கள் வீட்டு ஃபேன் ஜம்மென்று சுற்றுவது ஜன்னல் வழியாகத் தெரிகிறது. நானோ அவள் வீட்டு சோஃபாவில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கிறேன்.

எதற்காக இந்தக் கூத்து? சுவரில் தொங்குகிற ஒரு டிவிக்காக!

பிரேமாவும் அவள் வீட்டுக்காரர் கனகராஜும் நல்ல மனிதர்கள். அவருக்கு லேத் பட்டறை. பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். எங்கள் தெருவில் இதைப் படிப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், அது அவர்கள் சாமர்த்தியம்.

போன வருடம் இவர்கள் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தார்கள். தங்கச்சி புது வீடு புகுந்தால் அண்ணன் சீர் கொண்டு வரவேண்டும் அல்லவா? கொண்டுவந்து கையில் கொடுத்தால் போதுமா? போதாது. தெருமுனைப் பிள்ளையார் கோவிலில் தட்டுகளை அடுக்கி, செண்டை மேளம் வைத்து, நாலு பேர் வாசலில் நின்று பார்க்க, ஊர்வலமாக வரவேண்டும். இல்லாவிட்டால் அது சீரே இல்லை.

பிரேமாவின் அண்ணன் தங்கவேலு ஆனைமலைக்காரர். கொஞ்சம் தென்னந்தோப்பு. அதிலும் வாடல் நோய் வந்து பாதி மரம் மொட்டை. பிரேமா கல்யாணத்தின்போது அவர் கொண்டுவந்த சீரைப் பார்த்துவிட்டு, கனகராஜின் தங்கச்சி கோமதி பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாளாம். "அண்ணியோட பொறந்த ஊட்டுச் சீரை ரெண்டே நிமிசத்துல பார்த்து முடிச்சுப்போட்டமுங்க!"

சொன்னவள் பாயசம் குடித்துவிட்டு மறந்துவிட்டாள். கேட்டவர் மறக்கவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு எழுபத்தைந்து இன்ச் டிவியோடு வந்து இறங்கினார்.

இங்கேதான் நம் மக்களின் மூளை வேலை செய்தது பாருங்கள். கடைக்காரன் அந்த டிவியைத் தெர்மாகோல் வைத்து, அட்டைப்பெட்டியில் போட்டு, 'உடையும் பொருள்' என்று படம் வேறு போட்டுக் கொடுத்திருக்கிறான். பெட்டியோடு கொண்டுவந்தால் என்ன? வெறும் அட்டைப்பெட்டியாகத்தானே தெரியும்! அதனால் கோவில் வாசலிலேயே பெட்டியைப் பிரித்தார்கள். டிவியை வெளியே எடுத்தார்கள். நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம். மேலே ஒரு சம்பங்கி மாலை. குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் நிமிர்த்தி நிறுத்தி, தங்கவேலு ஒருபக்கம், இன்னொரு சொந்தக்காரர் மறுபக்கம் பிடித்துக்கொள்ள... உற்சவமூர்த்தி மாதிரி கிளம்பியது டிவி.

எங்கள் தெருவை உங்களுக்குத் தெரியாது. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய பிறகு, மூடினார்களா இல்லையா என்று பட்டிமன்றம் நடத்தலாம். அந்த மேட்டிலும் பள்ளத்திலும் குட்டியானை குதித்துக் குதித்து வந்தது. நானும் வாசலில் நின்று பார்த்தேன். கோமதியின் முகத்தையும் பார்த்தேன். தங்கவேலு ஜெயித்துவிட்டார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

ரெண்டு நாள் கழித்து, மாட்டுவதற்குக் கம்பெனி ஆள் வந்தார். மாட்டினார். சுவிட்சைப் போட்டார். பாதி திரை கறுப்பு. மீதிப் பாதியில் சேலை பார்டர் மாதிரி கலர் கலராய்க் கோடு. சத்தம் மட்டும் பிரமாதம். "உள்ளார பேனல் உடைஞ்சிருக்குங்க. இதுக்கு வாரண்டி வராதுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இதை பிரேமா என்னிடம் மட்டும் சொன்னாள். எங்கள் வீட்டுச் சின்ன டிவியில் சீரியல் பார்க்க வந்தவள், விளம்பர இடைவேளையில் பொலபொலவென்று அழுதாள்.

"அண்ணங்கிட்டச் சொல்லிப்போடேன்" என்றேன்.

"ஐயோ, வேண்டாங்கக்கா! தெரிஞ்சா நாளைக்கே கடனை வாங்கி இன்னொண்ணு கொண்டாந்து எறக்கிப்போடுவாரு. மரமெல்லாம் போயி நிக்கறாருங்க. கோமதிக்குத் தெரிஞ்சாலும் போச்சு. ஒடஞ்ச சீரு கொண்டாந்தவன்னு எங்கண்ணனை ஆயுசுக்கும் பேசுவா."

ஆக, உடைந்த டிவி சுவரிலேயே இருந்தது. தினமும் துடைக்கப்பட்டது. தூசி படியாமல் இருக்க லேஸ் வைத்த உறை. யாராவது வந்து "போடுங்க, பார்ப்போம்" என்றால் ஒருநாள் ரீசார்ஜ் முடிந்திருக்கும், ஒருநாள் நெட் இருக்காது, ஒருநாள் ரிமோட்டில் பேட்டரி செத்திருக்கும். புருஷனும் பெண்டாட்டியும் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு செல்போனில் படம் பார்த்தார்கள்.

சிரிக்காதீர்கள். டிவி உடையாத வீடுகள் மட்டும் என்ன வாழ்கிறது? உக்கடத்தில் என் சிநேகிதி வீட்டில், கட்டில் அகலத்துக்கு ஒரு டிவி. ஹால் அதைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. சோஃபாவில் உட்கார்ந்தால் செய்தி வாசிப்பவரின் மூக்கு மட்டும்தான் தெரியும். முழு ஆளையும் பார்க்க வேண்டுமானால் அடுப்படிக்குப் போக வேண்டும். குடும்பமே அடுப்படி வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறது! எங்கள் வீட்டுக்காரரோ பேசினால் கேட்கிற ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் நியூஸ் போடுங்க" என்று கும்பிடாத குறையாகக் கேட்கிறார். அது சமையல் வீடியோ போடுகிறது. அதையும் "சரிங்க" என்று பார்க்கிறார்.

பார்ப்பதற்காகவா இதையெல்லாம் வாங்குகிறோம்? அடுத்தவர் பார்ப்பதற்காக வாங்குகிறோம். அந்தக் கணக்கில் பார்த்தால் பிரேமா வீட்டு டிவி உடைந்த பிறகும் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

பிரேமாவுக்கு டிவி போனதுகூடப் பெரிசில்லை. அண்ணன் வருவது நின்றுபோய்விட்டது. மாதம் ஒருமுறை தேங்காயும் இளநீரும் கொண்டுவருகிற மனிதர், அதற்குப் பிறகு வந்தாலும் வாசலோடு சரி. "பஸ்ஸுக்கு நேரமாச்சு அம்மணி" என்று பையை வைத்துவிட்டு ஓடிவிடுவார். விருந்தில் ஏதாவது குறை வைத்துவிட்டோமா என்று அவள் உருகிக்கொண்டிருந்தாள்.

இனி, போன ஞாயிறு.

கோமதியும் புது வீடு கட்டிவிட்டாள். கிரகப்பிரவேசத்துக்கு அழைக்கத் தாம்பூலத் தட்டோடு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். நேரம் பார்த்தது மாதிரி தங்கவேலுவும் தேங்காய்ப் பையோடு வாசலில் வந்து நின்றார். கோமதி விடுவாளா? "வாங்க, வாங்க! ஏனுங்க, வாசல்லயே நிக்கறீங்க? உள்ள வந்து உக்காருங்க" என்று இழுத்து உட்கார வைத்தாள். அவர் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

"அண்ணி, டிவியைப் போடுங்க. எங்க ஊட்டுக்கு எத்தனை இன்ச் வேணும்னு பார்க்கோணும்" என்றாள் கோமதி.

அப்போதுதான் பிரேமா பின்பக்கம் ஓடினாள். ஃபேன் நின்றது. "கரண்ட் போச்சுங்க" என்று கனகராஜ் கூரையைப் பார்த்துச் சொன்னார்.

எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. கோமதி ஜன்னல் வழியாக எங்கள் வீட்டு ஃபேனைப் பார்த்தாள். பிறகு டிவியைப் பார்த்தாள். "எதுத்த ஊட்டுல இருக்குது... உங்க ஊட்டுக்கு மட்டும் எப்படிங்கண்ணா போகும்?" என்று எழுந்தாள். திரும்பி வந்த பிரேமாவின் முகம் வெளுத்துவிட்டது. அண்ணனைத்தான் பார்த்தாள்.

தங்கவேலு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மெயினைப் போடு அம்மணி. அந்த டிவி ஒடஞ்சது எனக்குத் தெரியும்."

துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"அன்னைக்கே தெரியும். அந்தப் பள்ளத்துல வண்டி எறங்கறப்ப என் கைக்குள்ள சடக்குன்னுச்சு. நாந்தான புடிச்சிருந்தேன்? மேளம் அடிக்குது, ஊரே பாக்குது. எப்படி எறக்கறது? ஒடஞ்சதைக் கொண்டாந்து மாட்டிப்போட்டு, எந்த மூஞ்சிய வச்சுட்டு இங்க வந்து உக்கார்றது?"

பிரேமா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "டிவி கெடக்குதுண்ணா. நீங்க வராம இருந்துபோட்டீங்களே" என்று விசும்பினாள். உடைந்த சீரைக் கொடுத்துவிட்டோமே என்ற வெட்கத்தில் அவரும், அவருக்குச் சங்கடம் வரக்கூடாதென்று இவளும்... மாதக்கணக்கில்! எனக்குக் கோபம்தான் வந்தது. ரெண்டு நல்ல மனசுகளைப் பிரித்து வைத்த அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, நானே ரோட்டில் போடலாமா என்று தோன்றியது.

மெயின் போடப்பட்டது. ஃபேன் சுற்றியது. எல்லோரும் மோர் குடித்தோம். தங்கவேலு முதல்முறையாகத் திரும்பி அந்த டிவியை நிமிர்ந்து பார்த்தார். சாயங்காலம் வரை இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அதன்பிறகாவது புத்தி வந்ததா என்கிறீர்களா? கோமதி கிளம்பும்போது வாசலில் கனகராஜ் மெதுவாக ஆரம்பித்தார். "உனக்கும் டிவிதான் சீருன்னு முடிவு பண்ணியிருக்குதம்மா. ஆனா நான் பெட்டியைப் பிரிக்காம அப்படியே..."

கோமதி பதறிப்போய்விட்டாள். "ஏனுங்கண்ணா, பெட்டியோட கொண்டாந்தா உள்ள என்ன இருக்குதுன்னு ஊருக்கு எப்படிங்க தெரியும்?"

கனகராஜ் யோசித்தார். நியாயம்தான் என்று தலையாட்டினார்.

குட்டியானைக்குச் சொல்லியாகிவிட்டது.