கை நனைத்த கல்லூரி

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து, எந்தக் கல்லூரி என்ற பேச்சு எங்கள் வீட்டில் காலை காபியோடு தொடங்கி, ராத்திரி விளக்கணைக்கும் வரை ஓடிக்கொண்டிருந்த நேரம். கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பு. ஜூன் பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று புகுந்து, தோப்பில் இருக்கிற அத்தனை மரங்களையும் கிழக்கே தலைசாய்க்க வைத்துவிடும். பின்னாலேயே மேகங்கள் வரும். வெயில் ஒரு நிமிடம், தூறல் ஒரு நிமிடம். அந்த மாதம் முழுக்க நான் தரையில் நடந்ததாகவே ஞாபகம் இல்லை.

எனக்கு மேகப் பைத்தியம். சும்மா அழகு பார்ப்பதல்ல. எது எவ்வளவு உயரத்தில் போகிறது, கீழே காற்று ஒரு பக்கம் வீசும்போது மேலே இருக்கும் மேகம் ஏன் வேறு பக்கம் நகர்கிறது, இப்படி மண்டைக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஓடுவது வாய் வழியாக வந்தும் விடும். பள்ளியில் எனக்கு வைத்த பெயர் 'வானிலை அறிக்கை'. நான் வகுப்புக்குள் நுழைந்தாலே ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த இருபத்து நான்கு மணி நேரத்தில்..." என்று ஆரம்பிப்பாள். மொத்த பெஞ்சும் சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். அப்படிச் சிரித்துச் சிரித்தே, பதினொன்றாம் வகுப்பு முடிவதற்குள் வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்டேன்.

அது அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அப்பா கல்லூரிகளின் பெயரையும் பெருமையையும் அடுக்கும்போதெல்லாம் அம்மா ஒன்றே ஒன்றைத்தான் சொன்னாள். "படிக்கறதுக்கென்னுங்க, எங்க போனாலும் படிச்சுக்குவா. பேசறதுக்கு ஒரு ஆளு வேண்டாமுங்களா?"

அப்பா யோசித்தார். யோசித்து, தனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்துக்கொண்டார். எங்கள் பக்கம் பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போவார்கள். கூடியவரை சொல்லாமல் போவார்கள். கிணற்றில் தண்ணீர் எப்படி, மாடுகள் வயிறு ஒட்டிக் கிடக்கின்றனவா, வேலைக்கு வருகிறவர்களிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்றெல்லாம் பார்ப்பார்கள். எவ்வளவு வற்புறுத்தினாலும் அங்கே சாப்பிட மட்டும் மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். கறாரான ஆட்கள் காபியைக்கூடத் தொடுவதில்லை. அப்பா கறாரான ஆள்.

"மூணு வருசம் புள்ளைய அனுப்பறோம். ஊடு பாக்கற மாதிரித்தான் பாக்கோணும்" என்றார்.

"ஏனுங்கப்பா, காலேஜ்ல மாட்டுத் தொழுவத்துக்கு எங்கீங்க போறது?" என்று கேட்டேன்.

"தண்ணித் தொட்டி இருக்குமல்லொ அம்மணி" என்றார், சிரிக்காமல்.

இப்படியாக ஒரு நாள் காலை மூன்று பேரும் பஸ் ஏறினோம். எனக்கு ஜன்னலோரம். மேற்கே கணவாய்ப் பக்கமிருந்து ஒரு நீளமான மேகக் கூட்டம் எங்கள் பஸ்ஸோடு கூடவே வந்தது. ஒத்தக்கால் மண்டபத்தில் பஸ் நின்றபோது அது முந்திக்கொண்டது. உக்கடத்தில் இறங்கும்போது எங்களுக்கு முன்னால் ஊருக்குள் போய்க் காத்திருந்தது. இரண்டு கல்லூரிகளில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. இரண்டுமே பெண்கள் கல்லூரி, இரண்டிலுமே இயற்பியல். மறுநாளைக்குள் ஏதாவது ஒன்றில் சேர்ந்தாக வேண்டும்.

முதலில் போனது பெரிய பெயரெடுத்த கல்லூரி. உள்ளே நுழைந்ததுமே அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. மரங்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். தண்ணீர்க் குழாயைத் திறந்து ஒரு கை பிடித்து மோந்து பார்த்துவிட்டு, "சிறுவாணி" என்று கண்களை மூடினார். புதிதாக வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்ட இரண்டாம் வருட மாணவிகள் நின்றிருந்தார்கள். தேய்த்த சுடிதார், நல்ல சிரிப்பு. அதில் ஒருத்தி அன்பாகக் கேட்டாள், எனக்கு எதில் ஆர்வம் என்று. அவ்வளவு அன்பாகக் கேட்டதால் மூடி வைத்திருந்த வாய் திறந்துகொண்டது. காலையில் கூட வந்த மேகத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பாதிகூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

"ஓ, நைஸ்" என்றாள்.

அதோடு தோழியைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு சின்னப் பார்வை, அவ்வளவுதான். அவள் கெட்டவள் இல்லை, கேலிகூடச் செய்யவில்லை. ஆனால் எனக்கு அந்த மூன்று வருடமும் அங்கேயே நின்றவாக்கில் தெரிந்துவிட்டது. தினமும் தேய்த்த சுடிதார், தினமும் சிரிப்பு, தினமும் மூடிய வாய்.

கேன்டீன் வாசலில் ஒருவர் காபி சாப்பிடச் சொன்னபோது அப்பா, "இருக்கட்டுங்க, இன்னொரு நாளைக்கு" என்று கும்பிட்டார். வெளியே வந்ததும், "நாளைக்கு வந்து குடிச்சுக்கலாம். இதுதான்" என்றார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

இரண்டாவது கல்லூரி திருச்சி சாலைப் பக்கம், சிங்காநல்லூரை எட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால். பார்க்க வேண்டும் என்பதற்காகப் பார்க்கப் போனோம், அவ்வளவுதான். சுண்ணாம்பு அடித்த மரங்கள் இல்லை. பாதி கட்டி முடித்த ஒரு கட்டடத்தின் மேல் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. மத்தியான இடைவேளை. அப்பா வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டு போர்வெல் எத்தனை அடி என்று விசாரிக்கத் தொடங்கினார். அம்மா பாத்திரம் கழுவும் இடத்தைப் பார்க்கப் போனாள். எனக்கு எதிரே ஒரு படிக்கட்டு. அதன் முடிவில் கதவு இல்லாத வாசல்; வாசல் நிறைய வானம்.

ஏறிவிட்டேன்.

மொட்டை மாடியில் காற்று தாவணியைப் பிடித்து இழுத்தது. தண்ணீர்த் தொட்டியின் மறைவில் இரண்டு பெண்கள். ஒருத்தி கிழக்கே பார்த்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து நின்றிருந்தாள். இன்னொருத்தி டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் "ஏனுங்க..." என்று ஆரம்பித்ததும், நின்றிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உதட்டில் விரலை வைத்தாள்.

"கொஞ்சம் பேசாம இருங்க. சங்கு ஊதற நேரம்."

பேசாமல் இரு என்று பிறர் சொல்லக் கேட்டே வளர்ந்தவள் நான். ஆனால் எதையோ கேட்பதற்காகப் பேசாமல் இருக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. நானும் காதைக் குவித்தேன். காற்றைத் தவிர எதுவும் கேட்கவில்லை.

"போச்சு. ஊதி முடிச்சிருப்பாங்க" என்றாள் உட்கார்ந்திருந்தவள். "உக்காருங்க நீங்க. இவளுக்கு மில்லுச் சங்குப் பைத்தியம். எங்க கடைவீதியில தேர் வந்தாக்கூட இவ்வளவு ஆசையாப் பாக்க மாட்டா. என்னை ஏன் கேக்கறீங்க, இவகூட இருந்து எனக்குச் சூடான சோறே மறந்து போச்சு!"

சங்கு என்று அவர்கள் சொன்னது பஞ்சாலைகளில் ஷிப்ட்டுக்கும் சாப்பாட்டுக்கும் ஊதுகிற சைரன். நின்றிருந்தவளின் அப்பா கிழக்கே ஒரு மில்லில் வேலை பார்ப்பவர். எந்தச் சங்கு எந்த மில், எது கட்டை, எது கீச்சு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாளாம். டிபன் பாக்ஸ்காரி டவுனில் பழைய கடைவீதியில் அத்தர் கடை வைத்திருப்பவரின் மகள். சங்கில் அவளுக்கு எள்ளளவும் ஆர்வம் கிடையாது. ஆனாலும் தினமும் கூட வந்து உட்காருகிறாள்.

"மாசி பங்குனியில இங்கிருந்து அருமையாக் கேட்டுச்சுங்க" என்றாள் சங்குக்காரி வருத்தமாக. "இப்ப காணோம். எங்கப்பா என்னடான்னா, சங்கு அப்பிடியேதான் ஊதுது, உன்ற காதுதான் டப்பான்னு திட்டறாரு."

எனக்குள் என்னவோ துள்ளியது. சொல்லலாமா? 'ஓ, நைஸ்' இன்னும் காதில் இருந்தது. ஆனால் அவள் முகத்தில் நிஜமான வருத்தம்.

"காது இல்லீங்க. காத்து" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் வேகமாகச் சொல்லி முடித்துவிடப் பார்த்தேன். எங்கள் தோப்புக்குக் கிழக்கே இருக்கிற கோயில் மைக்செட் ஆனி, ஆடியில் எங்களுக்குக் கேட்காது. மேல்காற்று அடிக்கிற மாதம் அது.

"அப்பறமுங்க?" என்றாள் சங்குக்காரி.

தரைக்குப் பக்கத்தில் மரமும் கட்டடமும் தடுப்பதால் காற்று மெதுவாகத்தான் போகும், மேலே போகப்போக வேகம், என்றேன்.

"அப்பறம்?"

இப்போது அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். எதிர்த்து வருகிற சத்தத்தை அந்தக் காற்று நேராக வர விடாமல் மேலே வளைத்துவிடும், சங்கு நின்றுபோகவில்லை, இப்போதும் நம் தலைக்கு மேலே உயரத்தில் போய்க்கொண்டுதான் இருக்கும், நாம் கீழே இருக்கிறோம், அவ்வளவுதான், என்றேன். கையை வளைத்துக் காட்டினேன். எழுந்து நின்று மேகத்தைக் காட்டினேன். டிபன் பாக்ஸ்காரி ஒரு கவளம் உருட்டியபடி மேலே அண்ணாந்து பார்த்து, "அப்ப மேல போற காக்காய்க்கெல்லாம் கேக்குமா?" என்றாள். அதைப் பற்றியும் பேசினோம்! ரொம்ப தீவிரமாக!

"பக்கத்து மில்லுக்குக் கொஞ்சம் பொறுத்து ஊதுவாங்க. காத்து நின்னா கேக்கோணுமல்ல?" என்றாள் சங்குக்காரி.

காத்திருந்தோம். மேகத்தின் நிழல் சிங்காநல்லூர் பக்கமாகத் தரையில் நகர்ந்துபோனது. டிபன் பாக்ஸ்காரி மூடியில் சோற்றை வைத்து என் பக்கம் நகர்த்தினாள். "தேங்காய்ச் சோறு. எங்கூட்டு ஸ்பெசல். எந்த ஊருன்னீங்க? கிணத்துக்கடவா? அட, தேங்காய்க்காரங்களுக்கே தேங்காயா!" பசியே தெரியாமல் இருந்தவளுக்கு அப்போதுதான் பசித்தது. பிசைந்து வாயில் வைத்தேன். அந்த நேரம் காற்று, மூச்சை இழுத்துப் பிடித்த மாதிரி, நின்றது. பறந்துகொண்டிருந்த தாவணி தழைந்தது. எங்கோ தூரத்தில், நூல் மாதிரி மெல்லிசாக, ஒரு சங்கு.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

கத்தல் கேட்டு அம்மா அரக்கப்பரக்கப் படியேறி வந்தாள். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு அப்பா. அவர்கள் பார்த்தது இதுதான்: தலையெல்லாம் கலைந்து, சோற்றுக் கையை வானத்தை நோக்கி நீட்டி, முன்பின் தெரியாத இரண்டு பெண்களிடம் விடாமல் பேசிக்கொண்டிருக்கும் மகள். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு அப்பாவிடம் திரும்பி, தாழ்ந்த குரலில், "ஏனுங்க, பாருங்க. கைய நனைச்சுப்போட்டா" என்றாள்.

அப்பா என் கையைப் பார்த்தார். டிபன் பாக்ஸைப் பார்த்தார். சிறுவாணித் தண்ணீரும் சுண்ணாம்பு மரங்களும் அவர் முகத்தில் வந்து போனது எனக்கே தெரிந்தது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாள் நான் அந்தப் பெரிய கல்லூரியில் இருப்பேன்.

டிபன் பாக்ஸ்காரிதான், எதுவும் புரியாமல், "வாங்கப்பா, நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க" என்றாள்.

அப்பா செருப்பைக் கழற்றினார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தொட்டி நிழலில் உட்கார்ந்தார். "குடு கண்ணு" என்று கையை நீட்டினார். ஒரு வாய் போட்டுக்கொண்டு, மென்று முடித்து, "இந்தக் காலேஜுத் தண்ணி கொஞ்சம் உப்புத்தான். போகுது" என்றார்.

திரும்பும்போது பஸ் ஜன்னலில் தூறல் சாய்வாக விழுந்தது. கிணத்துக்கடவு வரும்வரை நான் பேசிக்கொண்டே வந்தேன். அம்மா தூங்கிவிட்டாள், தூக்கத்திலும் "ம்" போட்டாள்.

எனக்கு மூத்த அவர்கள் இருவரும் படிப்பை முடித்துப் போகும்வரை மத்தியானமெல்லாம் அந்த மொட்டை மாடியில்தான் கழிந்தது. சங்குக்காரிக்கு மேகம் தலைவலி, எனக்குச் சங்கு பாதிதான் புரியும், மூன்றாமவளுக்கு இரண்டுமே வேண்டாம். ஒரே பைத்தியம் பிடித்தவர்களைத் தேடிப் போக வேண்டும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று அங்கேதான் தெரிந்தது. இப்போது மேல்படிப்பு, விடுதி, வேலை என்று எந்தப் புது வாசலில் போய் நின்றாலும் கட்டடத்தையும் பெயரையும் பார்ப்பதற்கு முன்னால், அங்கே யாராவது ஒருவர் "அப்பறம்?" என்று கேட்கிறாரா என்று காதைக் குவித்துக்கொள்கிறேன், கேட்டால் மட்டும்தான் கை நனைக்கிறேன்.