உச்சி வெயிலில் அரக்குப் புடவை

ஸ்ரீரங்கம் கீழச்சித்திரை வீதியில் வேதவதியைத் தெரியாதவர்கள் கிடையாது. அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று சரியாகத் தெரிந்தவர்களும் கிடையாது. மது ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் ஏதோ செய்கிறாள் என்பதோடு தெருவின் அறிவு நின்றுவிடும். அந்த ‘ஏதோ’ இதுதான்: பதினாறு வருஷமாக இந்த ஊரில் நடந்த கல்யாணங்களில் பாதியையாவது உட்கார்ந்து பார்க்கும்படி ஆக்கியவள் அவள். கொட்டாவி விட்ட சம்பந்தியை வெட்டுவாள். முகூர்த்த நேரத்தில் போனைக் குடைந்துகொண்டிருந்த மாப்பிள்ளைத் தோழனை வெட்டுவாள். நாள் முழுக்க முறைத்துக்கொண்டிருந்த நாத்தனார் எப்போதோ அரை விநாடி சிரித்திருப்பாள். அதைத் தேடிப் பிடித்து ஒட்டுவாள். படம் முடிந்ததும் பெயர்கள் ஓடும். போட்டோ எடுத்தவர், வீடியோ எடுத்தவர், பூ அலங்காரம் செய்தவர், சமையல் பார்த்த தளிகை காண்ட்ராக்டர் என்று எல்லார் பெயரும் ஓடும். வேதவதி பெயர் மட்டும் ஒருநாளும் ஓடியதில்லை.

ஸ்டூடியோ முதலாளி மதுசூதனுக்கு முப்பத்து நாலு வயது. அதே தெருவில் அரை டிராயரோடு திரிந்தவன், பதினெட்டு வயதிலேயே கடை திறந்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவன் ஒரு சின்ன ட்ரோன் வாங்கினான். அன்றிலிருந்து வேதவதிக்குப் பிடித்தது சனி. எந்தக் கல்யாணத்தைத் திறந்தாலும் மேலிருந்து எடுத்த காட்சிகளில் மாப்பிள்ளையின் வேஷ்டி வெள்ளையாக எரிந்துபோயிருக்கும். அதில் மடிப்பும் இல்லை, கரையும் இல்லை. வெள்ளையைக் காப்பாற்ற வெளிச்சத்தைக் குறைத்திருந்தால் பெண்ணின் அரக்குக் கூறைப்புடவை கரித்துணி ஆகியிருக்கும். தை மாதம் ஒரு கல்யாணத்தில் இதே கூத்து நடந்தபோது, எரிந்த இடத்தில் ஒன்றுமே பதிவாகவில்லை, இல்லாததை எந்தக் கம்ப்யூட்டரும் திருப்பிக் கொண்டுவராது, வேறு ட்ரோன் பார் என்று அவள் சொன்னாள். மது சிரித்துக்கொண்டே, கடையில் இருந்த மூன்று பேர் காதிலும் விழும்படி பதில் சொன்னான்.

“மாமி, நீங்க கீழ உக்காந்து வெட்டற வேலையைப் பாருங்கோ. மேல பறக்கறதை நாங்க பாத்துக்கறோம்.”

அந்த மூன்று பேரும் சிரித்தார்கள். வேதவதி கையில் எடுத்த கல்யாணத்தை ஒழுங்காக முடித்தாள், கம்ப்யூட்டரை அணைத்தாள், டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் கணவருக்குச் சாத்தமுது பரிமாறும்போது, தான் ஒரு ட்ரோன் வாங்கப்போவதாகச் சொன்னாள்.

கணவர் அழகியமணவாளன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு முறை யோசித்துவிட்டு மூன்றாம் முறை வேண்டாம் என்று சொல்கிற சுபாவம். ஐம்பத்திரண்டு வயதில் இது தேவையா என்று கேட்கத்தான் வாயெடுத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு வேறொன்றைக் கேட்டார். “பெரிய கோவிலுக்கு மேல கீல பறக்க விட்டுடமாட்டியே?”

“பெருமாளைக் கீழ நின்னு அண்ணாந்து சேவிச்சுத்தான் எனக்குப் பழக்கம். மேலேர்ந்து பாக்கறதுக்கு நான் யாரு? ஊருக்கு வெளியில பறக்க விட்டுக்கறேன். வானம் என்ன ஸ்ரீரங்கத்தோட முடிஞ்சா போச்சு?”

விஷயம் தெருவுக்குத் தெரிந்ததும் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். கோவில் பக்கம் தடை இருப்பதால் சொந்த ஊரில் பறக்க விட முடியாத சாமானை வாங்கி என்ன செய்வாள், வடாம் காயப்போட்டால் காக்கா விரட்டுவாளோ என்று ஒரு புண்ணியவதி கேட்டாளாம். வேதவதி அதற்குள் பயிற்சி மையத்தில் பணம் கட்டியிருந்தாள். கல்யாணம் எடுத்துச் சம்பாதிக்கிற அளவுக்கு ட்ரோன் ஓட்ட வேண்டுமானால் அதற்கென்று சான்றிதழ் வேண்டும். மதுவுக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது என்பதும் அங்கே போய்த்தான் அவளுக்குத் தெரிந்தது. இருபது வயதுப் பிள்ளைகள் நடுவில் ஒரு வாரம் உட்கார்ந்தாள். முதல் நாள் அவளை யாரோ மாணவனின் அம்மா என்று நினைத்து வெளியே நாற்காலி போட்டார்கள். கடைசி நாள் எழுத்துத் தேர்விலும் பறக்கவிட்டுக் காட்டுவதிலும் தேறி, சான்றிதழோடு திரும்பினாள்.

அடுத்தது ட்ரோன். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கேமரா கடை வைத்திருக்கும் அற்புதசாமி நல்ல மனுஷர்தான், ஆனால் வியாபாரி. உள்ளங்கையில் அடங்கும் சின்ன ஒன்றை எடுத்து வைத்து, லேடீஸுக்கு இதுதான் வசதி, எடையே கிடையாது என்றார். வேதவதி அதைக் கையில்கூட வாங்கவில்லை.

“நான் தலையில தூக்கிண்டு போகப்போறதில்லையே. எடையைச் சொல்றேள், படத்தைச் சொல்லுங்கோ.”

அவர் சுதாரித்துக்கொண்டு மேலும் இரண்டைக் காட்டினார். ஒன்று நடுத்தரமானது. இன்னொன்று பெரியது, ஆறு கை விரித்தது, யாரோ சினிமாக்காரர் இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு விற்றது, விலை மலிவு. பில்லும் பதிவு எண்ணும் உண்டா என்று கேட்டாள். பெரியதற்கு பில் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் இழுத்தபோதே அவளுக்கு அதில் பாதி மனசு விட்டுப்போயிற்று. டெமோ வீடியோக்களைப் போனில் போட்டுக் காட்டினார். மூன்றுமே கண்ணைப் பறித்தன. கல்லணை, வாழைத்தோப்பு, பொன் வெயில். வேதவதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

“சாயங்காலம் அஞ்சரை மணிக்கு எல்லா ட்ரோனும் அழகுதான், அற்புதசாமி. எங்காத்துக் கல்யாணம் மத்தியானம் நடக்கும். மத்தியானம் எடுத்துக் காட்டுங்கோ.”

அவருக்கு வேறு வழியில்லை. துறையூர் சாலையில் தன் மச்சானுக்கு அறுவடை முடிந்த வயல் இருக்கிறது, அங்கே பறக்கவிடத் தடையில்லை, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றார். ஞாயிறு பதினொன்றரை மணிக்கு ஆட்டோவிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்து அற்புதசாமி திகைத்துப்போனார். வேதவதி தன் கல்யாணக் கூறைப்புடவையை மடிசார் வைத்துக் கட்டியிருந்தாள். பின்னால் அழகியமணவாளன் மயில்கண் கரை போட்ட வெள்ளை வேஷ்டியைப் பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு, யாராவது தெரிந்தவர்கள் பார்க்கிறார்களா என்று சாலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தார். இங்கே யாருக்குக் கல்யாணம் என்று அற்புதசாமி கேட்டார்.

எரிகிற வேஷ்டியும் கருகுகிற புடவையும் ஒன்றாகப் பக்கத்தில் நிற்கும் நேரம் கல்யாணத்தில் ஒன்று உண்டு. தாலி கட்டி ஆனபின், கல்யாணம் பண்ணிவைக்கும் வாத்தியார், பெண்ணையும் மாப்பிள்ளையையும் வெட்டவெளிக்கு அழைத்து வந்து, வானத்தைக் காட்டி, அதோ அருந்ததி என்பார். பட்டப்பகலில் நட்சத்திரமாவது ஒன்றாவது. இருந்தாலும் தெரிகிறது என்று தலையாட்டுவார்கள். ட்ரோனுக்கு அதைவிடக் கஷ்டமான பரீட்சை கிடையாது, அதைவிட நல்ல காட்சியும் கிடையாது. ஏனென்றால் கல்யாணத்திலேயே இரண்டு பேரும் சேர்ந்து அண்ணாந்து பார்ப்பது அந்த ஒரு தடவைதான். அந்தக் காட்சியை நல்லபடியாக எடுத்து ஒருவரும் இதுவரை அவளிடம் கொண்டுவந்து கொடுத்ததில்லை.

ஆகவே அவர்கள் அந்தக் கட்டை வயலில் நின்று மூன்று முறை அருந்ததி பார்த்தார்கள். ஒவ்வொரு ட்ரோனாக மேலே போனது. தரை காலைச் சுட்டது, வியர்வை வழிந்தது, மச்சான் வீட்டு ஆடுகள் வந்து வேடிக்கை பார்த்தன. மூன்றாம் தடவை அழகியமணவாளன் மெல்ல, நம் கல்யாணத்தில் இதையெல்லாம் யாரும் எடுக்கவே இல்லையே என்றார். அப்போது கேமராக்காரர் சாப்பிடப் போயிருந்தார் என்று வேதவதி ஞாபகப்படுத்தினாள். முப்பது வருஷமாகியும் அந்தக் கோபம் அவளுக்கு ஆறவில்லை.

அற்புதசாமி உடனே போனில் போட்டுக் காட்ட வந்தார். அவள் பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள். மூன்று வீடியோவையும் மெமரி கார்டில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, தன் பழைய லேப்டாப்பில் ஓடவிட்டு, எடிட்டராக உட்கார்ந்து பார்த்தாள். சின்னதில் அழகியமணவாளனின் தலையும் கையும் இருந்தன, நடுவில் வெறும் வெள்ளை. பெரியதில் அவர் நன்றாக வந்திருந்தார், புடவைதான் கறுப்புக் கம்பளி. நடுத்தரமானதை அவள் இரண்டாம் முறையும் ஓடவிட்டாள். வேஷ்டியின் மயில்கண் தனித்தனியாகத் தெரிந்தது. புடவை அரக்காகவே இருந்தது, ஜரிகையில் ஒரு நூல்கூடக் கரையவில்லை. அண்ணாந்து பார்க்கும் இரண்டு முகமும் முகமாகவே இருந்தன.

“இதுல உனக்கு வயசே தெரியலை” என்றார் கணவர்.

அதையே வாங்கினாள். ஒரே ஒரு சண்டைதான் பாக்கி இருந்தது. அதன் ரிமோட்டில் போனைச் செருகிப் பார்க்கும் மலிவான வகையைக் கொடுக்கப் பார்த்தார் அற்புதசாமி. வெள்ளெழுத்துக் கண்ணுக்கு உச்சி வெயிலில் போன் திரை வெறும் கண்ணாடி, திரையோடு வரும் ரிமோட்தான் வேண்டும் என்று நின்று வாங்கினாள். பில், பதிவு எண் எல்லாம் அவள் பெயரில்.

வீதிக் கோடியில் இருக்கும் கோவிந்தின் பெண் ஸ்ம்ருதிக்கு ஆனி மாதம் கல்யாணம். முசிறிக்குப் பக்கத்தில் காவிரிக் கரையோரம் சித்தப்பாவின் தோப்பு வீட்டில் ஏற்பாடு. வேதவதியின் லேப்டாப்பில் வயல்வெளி அருந்ததியை ஸ்ம்ருதி பார்த்துவிட்டு, எனக்கு இதே மாதிரி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கோவிந்த் ஏற்கெனவே மதுவிடம் எல்லாம் பேசி முடித்துவிட்டார். சரி, அந்த ஒரு காட்சி மட்டும் வேதவதிக்கு என்று தீர்ப்பாயிற்று. என்ன கொடுக்கட்டும் என்று கோவிந்த் கேட்டதற்கு, வழக்கமாகக் கொடுப்பதைக் கொடுங்கள், ஆனால் படத்தின் கடைசியில் என் பெயர் வர வேண்டும், வராது என்றால் நான் வரவில்லை என்றாள். மதுவுக்கு அது பிடிக்கவில்லை. ஸ்டூடியோ பெயருக்குக் கீழே தனி ஆள் பெயர் போடுவது வழக்கமில்லை, காட்சி நன்றாக வந்தால் பார்க்கலாம் என்றான். பார்க்கலாமே என்று அவளும் சொல்லிவிட்டாள். நன்றாக வராவிட்டால் அவள் பெயர் எந்தப் படத்திலும் வரப்போவதில்லை, தெருவுக்கும் காக்கா கதை ஆயுசுக்கும் போதும்.

கல்யாணத்தன்று காலையிலிருந்தே காற்று. வாழை இலைகள் கிழிந்து தொங்கின. பன்னிரண்டு மணிக்கு வாத்தியார் பெண்ணையும் மாப்பிள்ளையையும் முற்றத்துக்கு அழைத்து வந்தபோது, வேதவதிக்கு முன்பே மது தன் சின்ன ட்ரோனை மேலே ஏற்றிவிட்டான். அவள் ரிமோட்டைக் கீழே வைத்தாள். ஒரே இடத்தில் இரண்டு பறக்கக் கூடாது, அவனுடையது இறங்கினால்தான் என்னுடையது ஏறும் என்று கோவிந்திடம் சொன்னாள். நேரமாகிறது என்று வாத்தியார் முணுமுணுத்தார். அதற்குள் காற்று சின்னதைத் தள்ளிக்கொண்டுபோய்த் தோப்புக்குள் இறக்கிவிட்டது. மது ரிமோட்டும் கையுமாக வாழைகளுக்கு நடுவே ஓடினான்.

“ஒரு நிமிஷம் அண்ணாந்து பாத்தாப் போறும், ஸ்ம்ருதி. அருந்ததி எங்கயும் போயிடமாட்டா” என்றாள் வேதவதி.

ட்ரோன் எழுந்தது. தலைக்கு நேர் மேலே நிறுத்தாமல், பயிற்சியில் சொன்னபடி கொஞ்சம் ஒதுக்கி, காற்றுக்கு முகம் கொடுத்து நிறுத்தினாள். அது அசையவில்லை. வாத்தியார் வானத்தைக் காட்டினார். அரக்குப் புடவையும் வெள்ளை வேஷ்டியும் சேர்ந்து அண்ணாந்தன. கரை, ஜரிகை, நெற்றியில் ஒட்டிய முடி எல்லாம் திரையில் இருந்தன. தெரியாத நட்சத்திரத்தைத் தெரிகிறது என்று ஸ்ம்ருதி சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் மாப்பிள்ளையைப் பார்த்தாள். நாற்பது விநாடி. வேதவதி இறக்கிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து மது படத்தை முடித்துச் சரிபார்க்க அனுப்பினான். அவள் இல்லாமல் யாரோ வெட்டியது, கொட்டாவிகள் அப்படியே இருந்தன. அருந்ததிக் காட்சியை மட்டும் வெட்ட யாருக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது, நாற்பது விநாடியும் முழுசாக ஓடியது. கடைசியில் பெயர்கள் வந்தன. பூ அலங்காரத்துக்கும் தளிகைக்கும் நடுவில், ‘வான்வழி ஒளிப்பதிவு: வேதா மாமி’ என்று இருந்தது. அழகியமணவாளன் கைதட்டினார். அவள் போனை எடுத்தாள்.

பெயர் போட்டதற்குச் சந்தோஷம், ஆனால் திருத்த வேண்டும் என்றாள். எல்லோரும் அப்படித்தானே கூப்பிடுகிறோம், மரியாதையாகத்தானே போட்டேன் என்று மது கேட்டான். படம் முடிந்துவிட்டது, இனி மாற்றுவது கஷ்டம் என்றும் சொன்னான். அது எவ்வளவு கஷ்டம் என்று அவளிடமா சொல்வது?

“தெருவுல மாமின்னு கூப்பிடு, நான் வேண்டாங்கலை. இதுல என் பேர் வேதவதி. பதினாறு வருஷம் உனக்கு வெட்டிக் குடுத்திருக்கேன், மது. எனக்காக நீ ஒரே ஒரு வார்த்தையை வெட்டு.”

மறுமுனையில் மவுஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, சரி என்றான். அன்று சாயங்காலம் திருத்திய படம் வந்தது. அவள் முன்னால் இருந்ததையெல்லாம் தள்ளிவிட்டுக் கடைசிக்குப் போய், தன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, எழுத்து எழுத்தாகப் படித்தாள்.